ஒரு மில்லிகூட மாறாத குருவி

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுப் பேப்பரோடு சாய்ந்திருந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு ஜெபராஜ் வந்தார். கையில் ஒரு பிரிண்ட் அவுட். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, வியர்வையில் ஊறி, மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது.

அதை நீட்டியபோது அவர் விரல் நடுங்கியது. நான் முதலில் கவனித்தது அதைத்தான், காகிதத்தை அல்ல. ஏனென்றால், நடுங்காமல் இருப்பதற்காகத்தான் அந்த விரலுக்குச் சம்பளம்.

ஜெபராஜ் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. அங்கே சாம்பிள் செக்‌ஷனில் பேட்டர்ன் கட்டர், மாதிரி ஷூவுக்குத் தோலை அளந்து வெட்டுகிறவர். வயது இருபத்தெட்டு. வாரத்தில் ஆறு நாள் செத்த தோல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உயிருள்ள தோல். காலையில் சர்ச். மத்தியானம் பஸ் பிடித்து காட்பாடி வந்து, எங்கள் தெருக் கோடியில் எடுத்திருக்கும் மாடி அறையில் டாட்டூ போடுகிறார். இன்ஜினீயரிங் படிக்கும் வடநாட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் வருகிறார்கள். உள்ளூர் ஆட்களும் உண்டு.

வீட்டுக்கு இது தெரியாது.

"ஒடம்புல எழுதக் கூடாதுன்னு வேதத்துல இருக்குது சார். அதனால கம்ப்யூட்டர் கிளாஸ்னு சொல்லி வெச்சிருக்கேன். இன்னாடா நாலு வருசமா படிக்கிற, இன்னும் முடியலையான்னு அம்மா கேக்குது" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு அந்தச் சிரிப்பெல்லாம் இல்லை.

பிரிண்ட் அவுட்டைப் படித்தேன். ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல். எழுதியவர் ஹாலந்தில் டாட்டூ போடும் ஒரு பெண்மணி. எழுதியது ஜெபராஜுக்கு அல்ல. ஐரோப்பாவில் உள்ள ஒரு ஷூ பிராண்டுக்கு. 'உங்கள் ஷூவின் உள்தோலில் நான் வரைந்த குருவியை அச்சடித்திருக்கிறீர்கள். என் அனுமதி இல்லாமல். ஆதாரம் கீழே' என்று நாலு வரி. கீழே ஒரு இணைய முகவரி. அந்த பிராண்ட், 'உடனே விளக்கம் தேவை' என்று ஒரு வரி சேர்த்து ஆம்பூருக்கு அனுப்பியிருந்தது. ஆம்பூரில் பர்சனல் மேனேஜர் ஜெபராஜைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்திருக்கிறார்.

"அடுத்த சனிக்கிழமைக்குள்ள, பிரச்சினை முடிஞ்சதுன்னு அந்தம்மாகிட்ட இருந்து கம்பெனிக்கு லெட்டர் வரணும்னு சொல்லிட்டாரு சார். வரலன்னா திங்கக்கிழமை வர வேணாம்னுட்டாரு. ஆர்டரே போய்டும்னு அங்க எல்லாருக்கும் பேஜார்."

அந்த முகவரி யாருடையது? ஜெபராஜுடையது. இன்றைக்குக் காலேஜ் பிள்ளைகள் எல்லோரும் கணக்கு வைத்திருக்கும் அந்த நட்பு வலைத்தளத்தில் அவர் போட்டு வைத்திருக்கும் ஆல்பம்.

ஹாலந்துக் குருவி ஆம்பூர் ஷூவுக்குள் எப்படி வந்தது? இங்கேதான் விஷயம்.

டாட்டூ பழகுகிறவர்கள் ஊருக்கு ஊர் ஏதேதோ வைத்துக்கொள்வார்களாம். ஆரஞ்சுப் பழம், பன்றித்தோல், ரப்பர் ஷீட். ஆம்பூர்க்காரருக்குத் தோலுக்கா பஞ்சம்? ஷூவுக்குள்ளே பாதம் படும் இடத்தில் மெல்லிய ஆட்டுத்தோல் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். குதிகால் பக்கம் பிராண்டின் பெயரைத் தங்க நிறத்தில் அச்சடிப்பார்கள். அச்சு கொஞ்சம் சாய்ந்துவிட்டால் ரிஜெக்ட். அந்த ரிஜெக்டுகளில் பத்து, இருபது என்று ஜெபராஜ் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

"சதை கலர்லயே இருக்கும் சார். இழுத்துப் புடிச்சா மனுசத் தோல் மாதிரியே வரும். ஊசி எவ்ளோ ஆழம் போவுதுன்னு கைக்குத் தெரியும்."

நெட்டில் பார்த்த டிசைனை எல்லாம் அதில் குத்திப் பழகியிருக்கிறார். நன்றாக வந்தவற்றை போட்டோ எடுத்து ஆல்பத்தில் ஏற்றியிருக்கிறார். மொத்தம் நாற்பத்து மூன்று. பார்க்கிறவர் கண்ணுக்கு என்ன தெரியும்? பாத வடிவத்தில் ஒரு தோல். நடுவில் ஒரு படம். கீழே தங்க எழுத்தில் புகழ்பெற்ற ஒரு ஷூ பிராண்டின் பெயர்! ஹாலந்துப் பெண்மணி வேறு என்ன நினைப்பார்?

போதாக்குறைக்கு ஒவ்வொரு படத்துக்கும் கீழே இவரே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். 'சேம் டு சேம். நூறு பர்சென்ட். ஒரு மில்லி வித்தியாசம் கிடையாது.'

"இதை ஏன் எழுதினீங்க?" என்றேன்.

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நல்லா பண்ணியிருக்கேன்னு தெரிய வேணாமா சார்?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாம்பிள் செக்‌ஷனில் வேலையே அதுதான். வெளிநாட்டிலிருந்து ஒரு ஷூ வரும். அதைப் பிரித்து, அளந்து, அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணி, அதே மாதிரி இன்னொன்று செய்து அனுப்ப வேண்டும். கவுண்டர் சாம்பிள் என்று பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்து எது அசல், எது நகல் என்று ஆர்டர் கொடுக்க வந்தவரால் சொல்ல முடியாவிட்டால், செய்தவர் முதுகில் தட்டிக் கொடுப்பார்கள். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் எங்கள் பக்கத்தில் 'அப்படியே காப்பி அடிச்சிருக்கான்' என்பது வசவு அல்ல. பட்டம்.

அந்தப் பட்டத்தைத்தான் ஜெபராஜ் தனக்குத் தானே நாற்பத்து மூன்று முறை எழுதிக்கொண்டிருக்கிறார். சட்டத்தின் கண்ணில் அது நாற்பத்து மூன்று ஒப்புதல் வாக்குமூலம்.

பத்திரிகையில் எழுதுகிறவனுக்குச் சட்டம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம் ஒரு வக்கீல் நண்பரின் போன் நம்பர்தான். அடித்தேன். முழுக்கக் கேட்டார்.

"படத்துக்குக் கீழ அந்தம்மா கையெழுத்து இருந்துதா?"

ஜெபராஜிடம் கேட்டேன். ஏதோ கிறுக்கல் இருந்ததாகவும், அதையும் விடாமல் போட்டிருப்பதாகவும் சொன்னார்.

"கையெழுத்தையுமா?" வக்கீல் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே கேட்டது. பிறகு நிதானமாகச் சொன்னார். "தனக்காக வீட்ல உக்காந்து வரைஞ்சு பழகினா சட்டம் பெருசா கண்டுக்காது. போட்டோ எடுத்து ஊருக்கே காட்டினா கண்டுக்கும். அதையே இன்னொருத்தருக்குத் தொழிலா பண்ணா நல்லாவே கண்டுக்கும்."

"யாரோடதுன்னு பேரைப் போட்டுட்டா?"

"பேர் போடறது மரியாதைய்யா. அனுமதி வேற."

போனை வைத்த பிறகு, மேஜையில் கிடந்த எங்கள் பத்திரிகையைப் புரட்டினேன். இந்தப் பத்தியோடு வாராவாரம் ஒரு படம் வருகிறதே, அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் 'நன்றி: இணையம்' என்று இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? யார் அந்த இணையம்? எங்கே குடியிருக்கிறார்? நாம் நன்றி சொன்னது அவருக்குத் தெரியுமா? கோயில் வாசலில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டு, 'நன்றி: கோயில் வாசல்' என்று எழுதி வைப்பது போலத்தானே இது? ஜெபராஜாவது கையெழுத்தை விட்டு வைத்தார். நாங்கள் அதை வெட்டிவிட்டுத்தான் போடுவோம்.

சரி, அந்தக் கதை என்னோடு. இவர் வேலைக்கு ஆறு நாள் கெடு.

பதில் எழுத உட்கார்ந்தோம். முதல் வரைவு என்னுடையது. 'நியாயமான பயன்பாடு', 'பயிற்சி நோக்கம்', 'வணிக நோக்கம் அல்லாத' என்று சட்டமாக ஒரு பக்கம். எழுதி, தமிழில் படித்துக் காட்டினேன். ஜெபராஜ் தலையைச் சொறிந்தார்.

"சார், இதுல நான் ஒன்னுமே செய்யாத மாதிரி இருக்குதே."

கிழித்தேன். அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். நான் ஷூ கம்பெனித் தொழிலாளி. இது ஷூ அல்ல, வீணான தோல். எடுத்து வந்தது நான், கம்பெனிக்குத் தெரியாது. உங்கள் படம் அழகாக இருந்தது, அதை வைத்துப் பழகினேன். ஆல்பத்தில் இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். மன்னிக்கவும். உங்கள் புகாரால் என் வேலை போகும் நிலை. கம்பெனிக்கு ஒரு வரி எழுத முடியுமா?

சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்பினோம். பதில் வந்தால் நானே பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. ஃபேக்டரிக்குள் செல்போன் கூடாது. சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்து எனக்குப் போன் செய்வார்.

திங்கள், ஒன்றுமில்லை. செவ்வாய் காலையில் வந்தது.

நீளமான கடிதம். அவருக்கும் ஆங்கிலம் இரவல், எனக்கும் இரவல். அதனாலேயே தெளிவாக இருந்தது. கோபம் குறைந்திருந்தது. ஆனால் படிக்கப் படிக்க நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்தக் குருவி விற்பனைக்குப் போட்ட டிசைன் இல்லையாம். ஒரு தாய்க்காக வரைந்தது. அவளுக்குப் பிறந்த குழந்தை ஏழு நாள் இருந்தது. குருவியின் இறக்கைக்குக் கீழே ஏழு புள்ளிகள். ஏழாவது மட்டும் சின்னது. ஏழாவது நாள் முழுசாக முடியவில்லை, காலையிலேயே போய்விட்டது. அந்தத் தாயின் கையைத் தவிர வேறு யார் கையிலும் இதைப் போடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாராம். தன் வேலை என்று இணையத்தில் காட்டியது தன் தப்பு என்றும் எழுதியிருந்தார்.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி. 'தோலில் குத்தியதன் படத்தை எடுத்துவிட்டீர்கள். நன்றி. மனிதர் யாருக்காவது போட்டிருக்கிறீர்களா?'

மத்தியானம் ஜெபராஜ் போன் செய்தார். படித்துச் சொன்னேன். அந்தப் பக்கம் ஃபேக்டரி சைரன், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம்.

"ஏழாவது புள்ளி சின்னதா இருந்துது சார்" என்றார் ஜெபராஜ். "பிரிண்ட் தப்போன்னு பாத்தேன். பெருசாக்கிப் பாத்தேன். தப்பில்ல, வேணும்னேதான் சின்னதா இருந்துது. அதான் நானும் சின்னதாவே வெச்சேன்."

"யாருக்காவது போட்டிருக்கீங்களா?"

"ஒருத்தருக்கு."

இனி நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "இல்லைன்னு எழுதிடலாம் ஜெபராஜ். அந்தம்மா ஹாலந்துல இருக்காங்க. யார் வந்து பார்க்கப் போறாங்க? லெட்டர் வந்துடும், வேலை தங்கிடும்" என்றேன். முப்பது வருஷமாக ஊருக்கு உண்மை எழுதுகிறவன் கொடுத்த ஆலோசனை.

"அவர் கைல அது இருக்குதே சார்" என்றார் ஜெபராஜ். "ஒருத்தருன்னே எழுதிடுங்க."

எழுதினேன். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றுவிட்டது. போன் இன்னும் காதில் இருந்தது. "அனுப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டார். அனுப்பினேன்.

புதன்கிழமை பதில். மூன்றே வரி. 'அவருக்கு அது என்னவென்று சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அதன் பிறகு கம்பெனிக்கு எழுதுகிறேன்.'

வியாழக்கிழமை ஜெபராஜ் அரை நாள் லீவு போட்டார். இரண்டு பேரும் ராணிப்பேட்டை போனோம். குருவியைக் கையில் வைத்திருப்பவர் குமரேசன், லாரி டிரைவர். உப்புப் போட்ட தோல் ஏற்றும் லாரி. பக்கத்தில் கலவை என்ற ஊர்க்காரர், நாற்பது வயசுக்கு மேல், கதவளவு அகலம். லாரி நிற்கும் இடத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டியிருந்தார். வலது முன்கையில், நரம்புகளுக்கு நடுவே, அந்தக் குருவி.

"இன்னா ஜெபா, வேலை நாள்ல இந்தப் பக்கம்? துரத்திட்டாங்களா?"

"இன்னும் இல்லண்ணே" என்றார் ஜெபராஜ். "உங்க கைல இருக்கிற குருவி விசயமா..."

"அதுக்கின்னா? சூப்பரா இருக்குது. அன்னிக்கி ஒரு டிராபிக்காரரு கையப் புடிச்சுப் பாத்துட்டு லைசென்ஸ் கேக்கவே மறந்துட்டாரு."

ஜெபராஜ் சொன்னார். சுற்றி வளைக்காமல், தரையைப் பார்த்தபடி, கம்பெனியில் ஆரம்பித்துக் குழந்தை வரைக்கும். குமரேசன் இடது கட்டை விரலால் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். சின்னப் புள்ளியில் விரல் நின்றது.

டீ வந்தது. வலது கையை நீட்டப் போனவர், நிறுத்தி, இடது கையால் கிளாஸை வாங்கினார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"எனக்கே முந்தாநேத்துதாண்ணே தெரியும்."

"போன வாரம் செக்போஸ்ட்ல ஒருத்தன அறைஞ்சேன்டா" என்றார் குமரேசன். "இந்தக் கைதான்."



கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இத அழிக்க முடியுமா?" என்று கேட்டார்.

"அழிக்க வராதுண்ணே. மேல வேற எதுனா போட்டு மூடலாம்."

"இதே மூடினதுதானேப்பா." என் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்குத் தெரியாது. இதுக்கு அடியில ஒரு பேரு இருக்குது. பத்தொம்போது வயசுல, திருவிழாவுல, சுமதின்னு குத்திக்கினேன். அப்புறம் கட்டினது வேற பொண்ணு. பத்து வருசம் ஊட்ல தெனம் பஞ்சாயத்து. குருவி வந்தப்புறம்தான் சோறே ஒழுங்கா எறங்குது. சுமதி மேல குருவி. குருவி மேல இன்னாத்த போடறது, கழுகா?"

சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவர்தான் முதலில் நிறுத்தினார்.

"அந்தம்மாவ கேளுங்க சார். இது என் கைல இருக்கலாமா, கூடாதான்னு. கூடாதுன்னா மூடிக்கிறேன். ஊட்ல நான் பேசிக்கிறேன். இருக்கலாம்னா... ஒழுங்கா வெச்சுக்கிறேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இந்த ஐந்து நாளில் பிராண்ட் விளக்கம் கேட்டது. கம்பெனி கடிதம் கேட்டது. வக்கீல் சட்டம் சொன்னார். நான் பொய் சொல்லச் சொன்னேன். ஜெபராஜ் மன்னிப்புக் கேட்டார். இருக்கலாமா என்று அனுமதி கேட்டவர் ஒரே ஒருத்தர்தான். படத்தை எடுத்தவரும் அவர் இல்லை, போட்டவரும் அவர் இல்லை.

அன்று சாயங்காலமே குமரேசன் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதி அனுப்பினேன். சுமதி உட்பட.

வெள்ளிக்கிழமை ஒன்றும் வரவில்லை. ஜெபராஜ் மூன்று முறை போன் செய்தார். மூன்றாவது முறை எதுவும் கேட்கவில்லை. நான் எடுத்ததும், "சரி சார்" என்று வைத்துவிட்டார். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தது. பிராண்டுக்கும் ஆம்பூர் கம்பெனிக்கும் ஒரே கடிதம், எங்களுக்கு நகல். இது தொழிலாளி ஒருவரின் பயிற்சி வேலை, ஷூ அல்ல, எனக்குப் புகார் இல்லை, விஷயம் முடிந்தது.

வேலை தங்கியது. பர்சனல் மேனேஜர் ஒரு மணி நேரம் திட்டினாராம். இப்போது சாயங்காலம் கேட்டில் ஜெபராஜின் டிபன் பாக்ஸை மட்டும் திறந்து, ரசம் கிண்ணத்தைக்கூடத் தூக்கிப் பார்க்கிறார்களாம். ஆல்பம் காலி. நெட்டில் இறக்கிய படத்தை யாராவது நீட்டினால், யார் வரைந்தது, யாருக்காக வரைந்தது என்று இவர் கேட்கிறார். வந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள்.

கம்பெனிக் கடிதத்தோடு எனக்கும் தனியாக இரண்டு வரி வந்திருந்தது. 'படம் என்னுடையது. ஆனால் உங்கள் டிரைவர் கேட்கும் அனுமதி என்னுடையது அல்ல. அந்தத் தாய்க்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன்.'

பதில் இன்னும் வரவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை குமரேசன் போன் செய்கிறார். "இன்னா சார், எதுனா வந்துச்சா?" இல்லை என்றால், "சரி, கேட்டுட்டாங்க இல்ல, சொல்லுவாங்க" என்று அவரே எனக்குச் சமாதானம் சொல்கிறார்.

சொல்கிற வரைக்கும் யார் கண்ணிலும் படக் கூடாது என்று முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டுதான் லாரி ஓட்டுகிறாராம்.

ஏப்ரல் மாதம். ராணிப்பேட்டை வெயில்.